கிழக்குப் பக்கம் விளக்கில்லை

நகராட்சி கேட்டது நாற்பது விளக்குகள்.
திருவிழாவுக்கு நீலம், குடியரசு நாளுக்கு மூவண்ணம்,
மற்ற இரவுகளில் பால்வெள்ளை.
"குன்றின் மேல் இட்ட விளக்காகப்
பெருஞ்சாலையிலிருந்தே தெரிய வேண்டும்" என்றார்
மேயர் செத்தா,
காபிக் கோப்பையை என் வரைபடத்தின் மேலேயே வைத்து.
கறை விழுந்த இடம் கோபுரத்தின் வாசல்.

சார்தீனியாவின் நடுமேட்டில்
சாந்தில்லாமல்,
கல்லைக் கல்லின் பாரமே பிடித்திருக்க
மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது.
நுராகே என்பார்கள் இங்கே.
எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டால்
ஆளுக்கொரு பதில்.
தெரியாத ஒன்றை
எந்தக் கோணத்திலிருந்து
வெளிச்சம் போட்டுக் காட்டுவது?

ஆணி கூடாது. துளை கூடாது.
கேபிளை ஒரு சாண் ஆழம்கூடப் புதைக்கக் கூடாது.
அந்த ஒரு சாணில்
யார் வீட்டுச் சட்டி உடைந்து கிடக்கிறதோ.

மார்ச்சில் சோதனை இரவுகள்.
இலாரியோ விளக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிவருவான்.
நான் தள்ளி நின்று கத்துவேன்:
தாழ்த்து, இன்னும், முழங்காலுக்குக் கீழே,
டேய், உன் நிழலைக் கொஞ்சம் நகர்த்து.
நேராக அடித்தால்
கல் தட்டையாகிவிடுகிறது,
அடையாள அட்டைப் படத்தில் நம் முகம் போல.
சுவரை உரசிக்கொண்டு போகும்படி சாய்த்தால்
ஒவ்வொரு கல்லும்
தனக்கு வேண்டிய இருட்டை எடுத்துக்கொள்கிறது.
நிறம் மெழுகுவர்த்தி மஞ்சளுக்கு ஒரு படி மேல்.
அதற்கும் மேலே போனால்
கற்பாசியின் ஆரஞ்சு செத்துப்போகும்.

நீவெஸ் வௌவால் எண்ணுகிறவள்.
மடக்கு நாற்காலியில்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
உச்சிப் பிளவையே பார்த்திருந்தாள்.
இருட்டில் விட்ட இரவு வெளியே வந்தவை
இருநூற்றுப் பதினொன்று.
மறுநாள், எங்கள் மங்கலான விளக்குக்கே,
ஒன்பது.
அவள் திட்டவில்லை.
நோட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினாள்.
நான்கு விளக்குகளை அடித்தேன்.
காரில் திரும்பும்போது
பதினொன்றை.

ஐந்தாம் இரவு, விடிய நேரம் இருக்கையில்
மாவு ஒட்டிய கையோடு மேலேறி வந்தாள் பொனாரியா.
சண்டைக்குத்தான் வந்தாள்.
கிழக்குச் சரிவில் அவளுடைய ரொட்டி அடுப்பு.
இந்த மாதங்களில்
ஒரு வெள்ளை நட்சத்திரம்
கோபுரத்தின் இடது தோளில் இறங்கி மறையுமாம்.
மறைந்ததும் அடுப்பு மூட்டுவாளாம்.
"மூன்று நாளாக உங்கள் மஞ்சளில் அது கரைந்துபோகிறது."
கடிகாரம் இல்லையா என்றான் இலாரியோ.
"மூன்று இருக்கிறது.
ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை."
நட்சத்திரத்தின் பெயர் கேட்டேன்.
"வேலைக்கு வருகிறது, பெயர் எதற்கு?"
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
மூவரும் நின்றோம்.
அது இறங்கியது,
கல்லைத் தொட்டது,
இல்லை.
அவள் ஒன்றும் சொல்லாமல் கீழே போனாள்,
சற்று நேரத்தில் விறகுப் புகை வந்தது.

கடைசியில் மூன்றே விளக்கு.
மேற்கே நடைபாதையில் இரண்டு,
வாசற்படியின் தேய்ந்த பள்ளத்துக்கு ஒன்று.
வௌவால்கள் போன பின்தான் எரியும்,
பதினொரு மணிக்கு அணையும்.
மீதி முப்பத்தேழை வைக்காமலிருக்க
நான்கு மாதம் உழைத்தேன்.
அதற்குக் கூலி கேட்க
ரசீதில் ஒரு பத்தி இல்லை.

திறப்பு இரவில் மேயர் காரிலிருந்து இறங்கினார்.
"இன்னும் போடவில்லையா?"
போட்டாயிற்று, பத்து நிமிடம் பொறுங்கள் என்றேன்.
குடத்துக்குள் இட்ட விளக்கு என்று முணுமுணுத்தார்.
நான்காவது நிமிடம் கைபேசியை எடுத்தார்.
குன்று முழுவதிலும்
அவர் மூக்கு ஒன்றுதான் பிரகாசித்தது.
முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன்.

இரண்டாம் முறை பொறுத்தார்.
தவளைச் சத்தம். யாரோ இருமினார்கள்.
நடைபாதை வந்தது, பிறகு படி,
பிறகு கல் கல்லாகக் கோபுரம்,
அதன் பின்னே
அதைவிடக் கறுப்பாக இல்லாத வானம்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.
"இது," என்றார், குரலைத் தாழ்த்தி,
"இத்தனை நாளும்
இப்படிச் சாய்ந்தா நின்றது?"